மொட்டைத் தலை, நீண்ட முடி: ஜப்பானியப் பள்ளிகளின் கோடைகால பேஸ்பால் விவாதம் எதைப் பற்றியது?

2023 ஆகஸ்ட் 23 அன்று ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைகால பேஸ்பால் இறுதிப் போட்டி நடந்தது. யோகோஹாமா நகரிலுள்ள கெய்யோ உயர்நிலைப் பள்ளி, முந்தைய ஆண்டு பட்டம் வென்ற செண்டாய் இகுயெய் பள்ளியை 8–2 என்ற கணக்கில் தோற்கடித்தது. கெய்யோ இதற்கு முன் இந்தப் பட்டத்தை வென்றது 1916இல்; இடையில் 107 ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்படிப்பட்ட வெற்றிக்குப் பிறகும் ஜப்பானிய நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஆட்டத்துக்கு ஈடாக அலசப்பட்டது அந்த மாணவர்களின் தலைமுடி. பள்ளி பேஸ்பால் மாணவர்கள் தலையை ஒட்ட மழித்துக்கொள்வதே அங்கு நெடுநாள் வழக்கம்; கெய்யோ அணியினரோ பேஸ்பால் ஆடாத மற்ற மாணவர்களைப் போலவே முடி வளர்த்திருந்தார்கள். பதினேழு வயதுப் பையன்கள் கிராப் வைத்திருப்பது ஒரு நாட்டுக்கே ஏன் செய்தியாக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை காண, போட்டியின் அமைப்பு, பள்ளி மன்றங்களின் நடைமுறை, அவற்றுக்குள் கோடை விடுமுறை வகிக்கும் இடம் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

போட்டியின் அமைப்பு

இந்தத் தேசியப் போட்டி 1915இல் பத்து அணிகளுடன் தொடங்கியது. ஹியோகோ மாகாணத்தின் நிஷினோமியா நகரில் 1924 ஆகஸ்ட் 1 அன்று கோஷியென் மைதானம் திறக்கப்பட்டதிலிருந்து அங்கேயே நடப்பதால், மைதானத்தின் பெயரே போட்டியின் பெயராகிவிட்டது. அசாஹி ஷிம்புன் நாளிதழும் ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பும் சேர்ந்து இதை நடத்துகின்றன. இரண்டாம் உலகப் போரின்போதும், 2020இல் கொரோனா பரவலின்போதும் போட்டி நடக்கவில்லை.

மொத்தம் 47 மாகாணங்கள். டோக்கியோவும் ஹொக்கைடோவும் தலா இரண்டு அணிகளை அனுப்புவதால் கோஷியெனுக்கு வருபவை 49 அணிகள். அதற்கு முன் ஜூன் இறுதியிலிருந்து ஜூலை வரை மாகாண அளவில் தகுதிச் சுற்றுகள் நடக்கின்றன. அவற்றில் கலந்துகொள்ளும் அணிகள் சுமார் மூவாயிரத்து நானூறு. கனகாவா போன்ற நெருக்கடியான மாகாணத்தில் ஓர் இடத்துக்கு நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட அணிகள் மோதுகின்றன. டொட்டோரி போன்ற சிறிய மாகாணத்தில் அதே ஓர் இடத்துக்கு இருபது சொச்சம் அணிகள்தான்.

மாகாணச் சுற்றிலும் சரி, கோஷியெனிலும் சரி, ஒரு முறை தோற்றால் அத்துடன் வெளியேற வேண்டும். லீக் சுற்று, மறுவாய்ப்பு எதுவும் கிடையாது. ஒரே ஓர் அணியைத் தவிர நாட்டின் மற்ற எல்லா அணிகளின் கோடையும் தோல்வியில்தான் முடிகிறது. பின்னால் வரும் பலவற்றுக்கும் இந்த ஏற்பாடே காரணம்.

மன்றம் என்னும் இரண்டாவது வீடு

ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பு முடிந்தபின் இயங்கும் மன்றங்களுக்குப் ‘புகாட்சு’ என்று பெயர். பேஸ்பால், கெண்டோ என்னும் வாள்வீச்சு, பித்தளை வாத்தியக் குழு, தேநீர்ச் சடங்கு, கையெழுத்துக் கலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம் உண்டு. நம் பள்ளிகளில் ஒரு மாணவர் காலையில் என்.சி.சி., மாலையில் பேச்சுப் போட்டி, அடுத்த மாதம் கைப்பந்து என்று மாறிக்கொண்டிருக்கலாம். அங்கே பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு மன்றம். சேர்ந்தால் மூன்று ஆண்டுகளும் அதிலேயே தொடர்வதுதான் வழக்கம். ‘நீ எந்த வகுப்பு?’ என்பதைவிட ‘நீ எந்த மன்றம்?’ என்ற கேள்வியே அங்கு ஒரு மாணவரை எளிதில் அடையாளம் காட்டும்.

இங்கே நாட்காட்டியின் பங்கையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஒரு கல்வியாண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் வருவதால், பழைய வகுப்பு கலைந்து, புதிய வகுப்பு இன்னும் உருவாகாமல் இருக்கும் காலம் அது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் வரையிலான கோடை விடுமுறை ஆண்டின் நடுவே விழுகிறது. வகுப்பறை மூடியிருந்தாலும் மன்றம் மூடுவதில்லை. பாடம் இல்லாததால் நாள் முழுவதும் பயிற்சி, வெளியூர் முகாம், நட்புமுறை ஆட்டங்கள் என்று மன்றத்தின் வேலை முன்னைவிடக் கூடும். ஒரு மாணவர் தன் குழுவோடு மிக நீண்ட நேரம் செலவிடும் பருவம் கோடைதான்.

பேஸ்பால் மன்றத்துக்குள் உறவுமுறை படிநிலையானது. மூத்த மாணவர் ‘சென்பாய்’, இளையவர் ‘கோஹாய்’. பந்துகளைப் பொறுக்குவது, ஆட்டக்களத்து மண்ணைச் சமன் செய்வது, உபகரணங்களைச் சுமப்பது போன்றவை நெடுங்காலமாக முதலாண்டு மாணவர்களின் தலையில் விழுந்த வேலைகள். கோஷியென் அணியில் பெஞ்சுக்கு அனுமதி இருபது பேருக்குத்தான். 2022 வரை அது பதினெட்டு. பெரிய மன்றங்களில் நூறு பேர்கூட இருப்பார்கள். மூன்றாண்டு பயிற்சி செய்தும் முதுகில் எண் கிடைக்காதவர்கள் பார்வையாளர் மேடையில் நின்று, வாத்தியக் குழுவின் இசைக்கு ஏற்பக் குரல் கொடுக்கிறார்கள். அவர்களும் அணியைச் சேர்ந்தவர்கள்தான் என்பதைக் காட்டப் பார்வைக்குப் பொதுவான ஓர் அடையாளம் தேவைப்படுகிறது.

அணி தோற்ற நாளில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மன்றத்திலிருந்து ‘ஓய்வு’ பெறுகிறார்கள். அங்கு வழங்கும் சொல்லே அதுதான். பதினெட்டு வயதில் ஓய்வு. மறுவாரம் அவர்கள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கான புத்தகங்களைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கோஷியெனில் தோற்ற வீரர்கள் மண்டியிட்டு மைதானத்தின் கருமண்ணைச் சிறு பைகளில் அள்ளும் காட்சியைத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் காட்டுவதை வெறும் உணர்ச்சி நாடகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குழுவில் ஒருவருக்கு இருந்த இடம் அந்த நிமிடத்தோடு முடிந்துபோகிறது.

முடி எப்படி உள்ளே வந்தது?

பேஸ்பால் மாணவர்கள் தலையை ஒட்ட மழித்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டமைப்பின் விதிகளில் எங்கும் இல்லை. ஒவ்வொரு பள்ளியின் மன்றமும் தானாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. அது நிலைபெற்றதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இவை:

1. போருக்கு முந்தைய ஜப்பானில் ஆண் மாணவர்கள் பொதுவாகவே மழித்த தலையோடு இருந்தார்கள். இராணுவப் பழக்கம், தூய்மை, சிக்கனம் மூன்றும் அதில் கலந்திருந்தன. பிற மாணவர்கள் பின்னாளில் விட்டுவிட்ட வழக்கத்தை பேஸ்பால் மன்றம் விடவில்லை.

2. இந்த விளையாட்டு அங்கு ‘கல்வியின் பகுதி’ என்றே வரையறுக்கப்படுகிறது. தன் தோற்றத்தைப் பற்றிய அக்கறையைத் துறப்பது ஒழுக்கத்தின் முதல் படி என்ற எண்ணம் அதனோடு ஒட்டிக்கொண்டது.

3. மழித்த தலைக்கு ஏழை, பணக்காரர், எண் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடு தெரியாது. மேலே சொன்ன பொது அடையாளம் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது காரணத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பது என் கருத்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடக்குமுறையாகத் தெரிவது, உள்ளே இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு ‘நானும் இவர்களில் ஒருவன்’ என்ற உறுதியாக இருக்கக்கூடும். ஆனால் அவன் அதைத் தானே தேர்ந்தானா, அல்லது சேர்ந்த முதல் நாள் யாரோ மழிக்கும் இயந்திரத்தோடு வந்து நின்றார்களா என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

கூட்டமைப்பும் அசாஹி நாளிதழும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எல்லாப் பள்ளிகளிடமும் நடத்தும் கணக்கெடுப்பு இதில் தெளிவான எண்களைத் தருகிறது. 2018இல் தலை மழித்தலைக் கடைப்பிடித்த மன்றங்கள் 76.8 விழுக்காடு, 2023இல் 26.4 விழுக்காடு. ஆக, கெய்யோ வென்றதற்கு முன்பே மாற்றம் நடந்துவிட்டது. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஓதானி ஷோஹெய் படித்த ஹனமாகி ஹிகாஷி பள்ளியும் இந்த இடைவெளியில் வழக்கத்தைக் கைவிட்ட பள்ளிகளில் ஒன்று. கெய்யோவின் வெற்றி அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கவில்லை. அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது.

பேஸ்பாலுக்கு வெளியேயும் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. ஒசாகா மாகாணத்தில் இயல்பிலேயே பழுப்பு முடியோடு பிறந்த மாணவி ஒருவர், கறுப்புச் சாயம் பூசும்படி பள்ளி தன்னை வற்புறுத்தியதாக 2017இல் வழக்குத் தொடுத்தார். 2021இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 3,30,000 யென் இழப்பீடு வழங்க உத்தரவிட்டாலும், முடி பற்றிய விதியே தவறு என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு டோக்கியோ பெருநகர அரசு, தன் பொதுப் பள்ளிகளில் முடியைக் கறுப்பாக்கச் சொல்லும் விதி உள்ளிட்ட சிலவற்றைக் கைவிட்டது.

கெய்யோ செய்தது என்ன?

பயிற்சியாளர் மொரிபயாஷி தகாஹிகோவின் முழுநேர வேலை தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணி. அணியின் முழக்கம் ‘என்ஜாய் பேஸ்பால்’; இது கெய்யோ பல்கலைக்கழக அணியிலிருந்து வந்த பழைய மரபு. மாணவர்கள் அவரைப் பதவிப் பெயரால் அழைக்காமல் ‘மொரிபயாஷி-சான்’ என்று அழைப்பார்கள். ஜப்பானியப் பள்ளி விளையாட்டில் இது முடியைவிடப் பெரிய மீறல் என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சித் திட்டத்திலும் ஆட்ட உத்தியிலும் மாணவர்கள் தாங்களே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பது அவரது அணுகுமுறை. முடி வளர்க்கலாம் என்பது அங்கு ஒரு கொள்கையாக அறிவிக்கப்படவில்லை. தலையை மழிக்கக் காரணம் ஒன்றும் இல்லாததால் மழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வெற்றியைத் தனித்தன்மையின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறவிட்டார்கள்.

முதலாவது, கெய்யோ சாதாரணப் பள்ளி அல்ல. நாட்டின் மிகப் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் கீழ் வரும் பள்ளி அது. அங்கு படித்து முடிப்பவர்களில் ஏறத்தாழ அனைவரும் நுழைவுத் தேர்வின்றி அதே பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார்கள். தோற்ற மறுவாரம் தேர்வுப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லாத மாணவருக்கு ‘மகிழ்ந்து ஆடு’ என்பது எளிய அறிவுரை. பேஸ்பால் வழியாக மட்டுமே கல்லூரியில் இடமோ வேலையோ கிடைக்கும் என்ற நிலையில் உள்ள கிராமத்துப் பள்ளி மாணவருக்கு அப்படி அல்ல.

இரண்டாவது, இறுதிப் போட்டி நாளில் பார்வையாளர் மேடை. கெய்யோவின் பழைய மாணவர்கள் பெருந்திரளாக வந்து மைதானத்தின் பெரும்பகுதியை நிரப்பினார்கள். தோளோடு தோள் கோத்து அவர்கள் ஒரே குரலில் பல்கலைக்கழகப் பாடலைப் பாடிய ஓசை, எதிரணி வீரர்களுக்கு நியாயமானதா என்று சமூக ஊடகங்களில் விவாதமே நடந்தது. களத்தில் சுதந்திரமான முடியோடு ஒன்பது பேர்; மேடையில் ஒரே குரலாக ஆயிரக்கணக்கானோர். கெய்யோவிலும் குழு உணர்வு குறைவாக இல்லை. அது தலைமுடியிலிருந்து பள்ளிப் பெயருக்கும் பாட்டுக்கும் இடம் மாறியிருந்தது.

யாருடைய மண், யாருடைய பாட்டு?

கோஷியெனில் ‘நாம்’ என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள் என்பது புதிய கேள்வி அல்ல. 1958இல் ஓகினாவாவின் ஷுரி உயர்நிலைப் பள்ளி முதன்முறையாக வந்தபோது அந்தத் தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது. முதல் ஆட்டத்தில் தோற்ற மாணவர்கள் எல்லாரையும் போல மண்ணை அள்ளிச் சென்றார்கள். நாஹா துறைமுகத்தில், அயல்நாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்ற தாவர நோய்த்தடுப்பு விதியின்படி, அந்த மண் கடலில் கொட்டப்பட்டது. செய்தியறிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் கோஷியெனிலிருந்து கூழாங்கற்களைச் சேகரித்து அனுப்பினார்கள். கல்லுக்கு அந்த விதி பொருந்தாது. அக்கற்கள் பதித்த நினைவுச் சின்னம் அப்பள்ளியில் இருக்கிறது. 2010இல் ஓகினாவா முதல் முறையாகக் கோடைப் பட்டம் வென்றது. 2025இல் ஓகினாவா ஷோகாகு பள்ளி அதை மீண்டும் அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது.

2024இல் பட்டம் வென்ற கியோட்டோ சர்வதேசப் பள்ளி இதைவிடச் சிக்கலான எடுத்துக்காட்டு. ஜப்பானில் வாழும் கொரியர்கள் 1947இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. பேஸ்பால் மன்றம் 1999இல்தான் தோன்றியது. கோஷியெனில் வென்ற அணியின் பள்ளிப் பாடல் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஒலிக்கும் என்பதால், அந்தக் கோடையில் கொரிய மொழிப் பாடல் ஜப்பான் முழுவதும் ஒளிபரப்பானது. இன்று அங்கு படிப்பவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய மாணவர்கள். பேஸ்பாலுக்காகவே சேர்ந்தவர்களும் அதிகம். இருந்தும் இணையத்தில் இனவெறுப்புப் பதிவுகள் குவிந்தன. கியோட்டோ மாகாண ஆளுநரே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று. சீருடை, குனிந்து வணங்குதல் என்று எல்லாவற்றிலும் மற்றவர்களைப் போலவே இருந்தவர்கள் ஒரே ஒரு பாடலால் அந்நியராக்கப்பட்டார்கள். ஒன்றுபோல் தோன்றினால் ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்ற வாக்குறுதி எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பெண்களைப் பொறுத்தவரை வரலாறு இன்னும் பின்தங்கியது. மன்ற ‘மேலாளர்’ என்ற பெயரில் கணக்கு எழுதுவது, தண்ணீர் கொடுப்பது, சோற்றுருண்டை பிடிப்பது என்று உழைக்கும் மாணவிகள் பல பள்ளிகளில் உண்டு. 2016இல் அப்படி ஒரு மாணவி கோஷியென் மைதானத்தில் பயிற்சிக்கு உதவியபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டார். எதிர்ப்பு கிளம்பியதால் அடுத்த ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. மாணவியருக்கான தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் கோஷியெனில் முதன்முறையாக நடந்தது 2021இல்.

உடலும் குழுவும்

குழுவுக்காக ஒருவர் தன்னை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை எண்ணிக்கையாகவே காட்டும் இடம் பந்துவீச்சு. 1998 காலிறுதியில் மட்சுசாகா டைசுகே 17 இன்னிங்ஸ்களில் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பதுதான்) 250 பந்துகள் வீசினார். 2006இல் சைட்டோ யூகி ஒரே போட்டித் தொடரில் வீசியவை 948. இந்த எண்கள் நீண்ட காலம் வீரக்கதைகளாகவே சொல்லப்பட்டன. தோள்பட்டையும் முழங்கையும் அந்தக் கதைகளில் வரவில்லை. இப்போது நடைமுறையில் உள்ள மாற்றங்கள்:

1. ஒரு பந்துவீச்சாளருக்கு ஒரு வாரத்தில் 500 பந்துகள் என்ற வரம்பு 2020இல் விதியானது.

2. ஆட்டம் சமனில் நீண்டால், ஓட்டக்காரர்களை முன்கூட்டியே களத்தில் நிற்கவைத்து விரைவில் முடிவுகாணும் முறை 2018இல் பதின்மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து அறிமுகமாகி, 2023 முதல் பத்தாவதிலிருந்தே செயல்படுகிறது.

3. 2023 முதல் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் உடலைக் குளிர்விக்கப் பத்து நிமிட இடைவேளை தரப்படுகிறது. 2024 முதல் சில நாட்களின் ஆட்டங்கள் காலை, மாலை என்று பிரிக்கப்பட்டு, நண்பகல் வெயில் தவிர்க்கப்படுகிறது.

உடலைக் காக்கும் விதிகளை எழுதுவது எளிது. விடுதிக்குள் நடப்பதற்கு விதி எழுதுவது கடினம். 2025 கோடையில் பேர்பெற்ற ஒரு பள்ளி தன் முதல் ஆட்டத்தில் வென்ற பிறகு போட்டியிலிருந்தே விலகியது. விடுதியில் தடை செய்யப்பட்ட கப் நூடுல்ஸைச் சாப்பிட்டதற்காக முதலாண்டு மாணவர் ஒருவரை மூத்தவர்கள் அந்த ஆண்டு ஜனவரியில் தாக்கியிருந்தார்கள். கூட்டமைப்பு ஏற்கெனவே கண்டித்து முடித்திருந்த அந்த விவகாரம், போட்டி நேரத்தில் சமூக ஊடகங்களில் மீண்டும் வெடித்தது. சிலர் செய்த தவறுக்கு மன்றம் முழுவதும் பொறுப்பேற்பது அங்கு நெடுநாள் வழக்கம். அது நீதியா என்று கேட்பவர்கள் உண்டு. தாக்கியவர்களை அந்த இறுக்கமான படிநிலைதானே உருவாக்கியது என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியே எனக்கு வலுவானதாகப் படுகிறது. இளையவர் சாப்பிடுவதைக்கூட மூத்தவர் தண்டிக்கலாம் என்ற எண்ணம் ஓர் இரவில் முளைக்காது.

மாணவர்களே குறைந்தால்?

கூட்டமைப்பில் பதிவு செய்துள்ள வீரர்களின் எண்ணிக்கை 2014இல் சுமார் 1,70,000. 2024இல் அது சுமார் 1,27,000. பிறப்பு விகிதச் சரிவு பெரிய காரணம். கூடைப்பந்து, கால்பந்து ஆகியவற்றின் ஈர்ப்பும், மழித்த தலையும் முழுநாள் பயிற்சியும் சேர்ந்து உண்டாக்கிய தயக்கமும் மற்ற காரணங்கள். பல பயிற்சியாளர்கள் முடி விதியைக் கைவிட்டது கொள்கை மாற்றத்தால் மட்டும் அல்ல, ஆள் கிடைக்காததாலும்தான்.

மன்றங்களே பள்ளியை விட்டு நகரும் வாய்ப்பும் உள்ளது. 2018இல் ஜப்பான் விளையாட்டு முகமை வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு, வேலைநாளில் இரண்டு மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் என்று பயிற்சிக்கு அளவு சொன்னது. ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைக்க, நடுநிலைப் பள்ளி மன்றங்களின் வார இறுதிப் பயிற்சியை உள்ளூர் விளையாட்டுக் குழுக்களிடம் ஒப்படைக்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. அதில் வளரும் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது, விளையாட்டையும் பள்ளியையும் ஒன்றாகவே பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஓர் அணிக்குத் தேவையான ஒன்பது பேர் தேறாத பள்ளிகள் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து மாகாணச் சுற்றில் கூட்டு அணியாக ஆடுகின்றன. அந்த அணிகளில் ஒவ்வொருவரும் தத்தம் பள்ளியின் சீருடையையே அணிகிறார்கள். ஒரே களத்தில், ஒரே அணியில், மூன்று நான்கு வகை ஜெர்சிகள். வார நாட்களில் தனித்தனியாகவும் வார இறுதியில் ஒன்றாகவும் பயிற்சி செய்யும் இந்த அணிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.